லிஸ்டில் இல்லாத பெயர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணாமல் நாலைந்து பேர் விசாரித்திருக்கிறீர்கள். நன்றி. "உடல்நலக் குறைவு" என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். நல்ல மனிதர். 'எழுதித் தரவில்லை' என்று போட அவருக்கு மனம் வராது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் சித்தூரில் லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பத்தொன்பது வயதில், ரிட்டயர் ஆன ஒருத்திக்கு அங்கே என்ன வேலை? சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ஃபோட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஃபோட்டோவில் இருந்தது பதினோரு வயதுப் பெண். ஆறாம் வகுப்பு. அவளுக்கு செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் கிடையாது, ஊர் பெயரும் கிடையாது... ஏன் என்று போகப்போகத் தெரியும். என் ஸ்கூட்டர் பின்சீட்டில், யூனிஃபார்மும் இரட்டை ஜடையுமாக உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் வாசலில் ஒரு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். 'இன்றைய என் பயணத் துணை' என்று மேலே ஒரு வரி. பத்து பேர் ஹார்ட் போட்டார்கள்.

பதினோராவது ஆள் போன் செய்தார் – திருப்பதியில் இருந்து.

"மேடம், மீ ஸ்டேட்டஸ்லோ பாப்பா ஃபோட்டோ உந்தி கதா... முந்து அதி தீசேயண்டி," என்றது ஓர் இளம் குரல். முதலில் அதை எடுத்துவிடுங்கள் என்கிறார். எடுத்தேன். குரல் தமிழுக்கு மாறியது.

"இப்ப சொல்லுங்க. அந்தப் பொண்ணு உங்க வண்டில எப்டி வந்துச்சு?"

யார் என்று புரிந்துவிட்டது. குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை அவருக்கு. போன வருஷம் எங்கள் தெருவில் குமுதா வீட்டில் (இதுவும் மாற்றிய பெயர்தான்) செல்வியை விடுவதற்கு முன்னால், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருந்தார். "குமுதாவா? தங்கமான பொண்ணாச்சே" என்று பத்து நிமிஷம் பேசி, கேட்காமலே நம்பரையும் கொடுத்தவள் நான். அந்த நம்பர்தான் இப்போது என்னைப் பிடித்துக்கொடுத்தது.

செல்வியை குமுதா தத்து எடுக்கவில்லை. செல்விக்கு அம்மா இல்லை. அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை ஹோமில் போடாமல், ஒரு குடும்பத்தில் விட்டு வளர்க்கச் சொல்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஃபாஸ்டர் கேர் என்று காகிதத்தில் எழுதுவார்கள். குமுதா "வளக்கறதுக்குக் குட்த்துகிறாங்க" என்பாள். சில மாதத்துக்கு ஒரு முறை ரிவியூ உண்டு. பிள்ளை எப்படி இருக்கிறது, என்ன சாப்பிடுகிறது, ஒழுங்காக ஸ்கூலுக்குப் போகிறதா – எல்லாம் பார்ப்பார்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் சிக்கல்.

எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. ஊர் சித்தூர் ஜில்லா. செல்வியின் ஸ்கூல் புத்தூரில் – அது திருப்பதி ஜில்லா. அவள் அந்தப் பக்கத்துப் பிள்ளை, அதனால் அவள் ஃபைலும் திருப்பதி ஆபீஸில்தான். அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்து தமிழ் மீடியம். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி, அதுவும் தெலுங்கு. "வூடு மாறிப்போச்சி, மனுசங்க மாறிப்போயிட்டாங்க. இஸ்கூலானா அதே இஸ்கூலா இருக்கட்டும்" என்று குமுதா பிடிவாதமாகச் சொல்லி, ஆபீஸும் ஒத்துக்கொண்டது. பதினோரு கிலோமீட்டர்.

யார் கொண்டுபோய் விடுவது? அதற்கு ஒரு லிஸ்ட் போட்டார்கள். லிஸ்டில் இருக்கிறவர்களோடு மட்டும்தான் அவள் போகலாம். மூன்று பெயர் – குமுதா, குமுதாவின் வீட்டுக்காரர், ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் ஷேர் ஆட்டோ முனிரத்தினம். மாலையில் பிரச்சினை இல்லை. நாலரை பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் கும்பலாக வருகிறார்கள், குமுதா ஸ்டாப்பில் நின்று கூட்டிக்கொள்வாள். காலையில் முனிரத்தினம். வருஷம் நன்றாகத்தான் போனது.

பிறகு ஜூன் வந்தது.

எங்கள் பக்கம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். அதே ஜூனில் தோத்தாபுரி மாங்காயும் இறங்கும். இரண்டில் எது முக்கியம் என்று இங்கே யாரையும் கேட்டுவிடாதீர்கள். முனிரத்தினம் ஆட்டோவில் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாங்காய் ஏற்றினார். குமுதாவின் வீட்டுக்காரர் டிராக்டர் நிறையக் காயோடு சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசையில் நின்றார். போனால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். குமுதாவுக்கு அதே மாதிரி ஒரு ஃபேக்டரியில் காய் நறுக்குகிற வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு வேன் வந்துவிடும். சீசன் ஆறேழு வாரம்தான். அந்த வேலையை விட்டால் அடுத்த வருஷம்தான்.

ஆக, லிஸ்டில் இருந்த மூன்று பேரையும் மாங்காய் எடுத்துக்கொண்டது.

மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இதற்கென்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. காலையில் பால் சென்டர் வாசலில் போய் நிற்பார்கள். பால் ஊற்ற ஊரே வரும். ஊற்றிவிட்டுப் புத்தூர் பக்கம் போகிற பைக் எதுவோ அதில் ஏறிக்கொள்வார்கள். யார் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. கேனுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நானே இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் புத்தூரில் என் தம்பியின் மெடிக்கல் ஷாப்பில் போய் உட்காருகிறேன், போகிற வழிதானே.

செல்வி மட்டும் ஏறமாட்டாள். குமுதா வேனில் போன பிறகு பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு, எட்டு மணிக்குப் பையோடு பால் சென்டருக்கு வந்து நிற்பாள். "ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல வந்து இஸ்துகினு போறேன்" என்று முனிரத்தினம் சொல்லியிருந்தார். வந்த நாள் ஸ்கூல். வராத நாள், எல்லா பைக்கும் போனபின் திரும்பிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். வராத நாள்தான் அதிகம்.

இது தெரியாமல் அன்றைக்கு வண்டியை அவள் பக்கத்தில் நிறுத்தினேன்.

"ஏறு, நான் விட்டுட்டுப் போறேன்."

"வேணா பெரிம்மா."

"ஏன்?"

"லிஸ்ட்ல பேரு இல்லாதவங்ககூட போகக்கூடாது. அதுல உங்க பேரு கீதா?"

"என் பேரு பேப்பர்லயே வருது," என்றேன்.

எவ்வளவு திமிர் பாருங்கள். அவள் ஆட்டோ வருகிற பக்கம் ஒரு முறை பார்த்தாள். மணி எட்டு நாற்பது. ஏறிவிட்டாள். என்னை நம்பி ஏறினாள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். லேட்டானதால் ஏறினாள், அவ்வளவுதான்.

அதற்கு ஒரு செல்ஃபி வேறு. இந்த மாதிரிப் பிள்ளைகளின் முகத்தையோ பெயரையோ வெளியில் காட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். வாரா வாரம் ஊருக்கு உபதேசம் எழுதுகிறவளுக்கு அது தெரியவில்லை.

அன்று மாலை குமுதா வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நறுக்கிய மாங்காயின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. கதவோரம் நின்றபடியே பேசினாள்.

"அக்கா, அந்த மேடம் எனக்கும் போன் பண்ணாங்க. இந்த மாசம் பாதி நாள் இஸ்கூலுக்குப் போகலியாமே, அதையும் கேட்டாங்க. மாசக் கடைசில ரிவியூ. இப்டியே இருந்தா ஹோமுக்கு மாத்திடுவாங்கக்கா. ஹோமு பக்கத்துலயே இஸ்கூலு கீதாம்."

"செல்விக்குத் தெரியுமா?"

"தெரியும். துணிய மடிச்சிப் பையில வெச்சிக்கினு கீது. நான் ஒண்ணும் சொல்லல. அதுவே வெச்சிக்கிது."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்கக்கா" என்று போய்விட்டாள்.

மறுநாள் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். அந்த மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மேஜையில் ஃபைல்கள், பக்கத்தில் திறக்காத டிபன் பாக்ஸ். என்னைத் திட்டவில்லை. எனக்குத்தான் பேச வேண்டியிருந்தது. எங்கள் ஊர் நல்ல ஊர், எல்லாரும் தெரிந்தவர்கள், யாரோடு போனால் என்ன... என்று அடுக்கினேன். முழுக்கக் கேட்டார்.

"நல்லவங்கதான் மேடம், நான் இல்லன்னு சொல்லல. எழுதி வெச்சா இன்னும் கொஞ்சம் நல்லவங்களா இருப்பாங்க," என்றார்.

அவர் தொடர்ந்தார். "ஒரு நாள் அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போய்ச் சேரலன்னு வைங்க. வேற பசங்களா இருந்தா சாயந்திரத்துக்குள்ள நூறு பேர் தேடுவாங்க. இவளை யார் கூட்டிட்டுப் போனாங்கன்னு நான் எங்க போய்க் கேக்கறது? அதுக்குத்தான் லிஸ்ட்டு. இந்தாங்க ஃபாரம். யாராவது ஒருத்தரு சந்தகம் பெட்டிதே சாலு. நான் உடனே மூவ் பண்றேன்."

சந்தகம் என்றால் கையெழுத்து; யாராவது ஒருத்தர் போட்டால் போதும் என்கிறார். எங்கள் பக்கம் தமிழ்க்காரர்களும் கையெழுத்தை அப்படித்தான் சொல்வோம்.

ஒரு கையெழுத்துதானே? பஸ்ஸிலேயே எனக்குத் தெம்பு வந்துவிட்டது. பைக் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர். செல்வியை ஏறச் சொல்லிக் கூப்பிடாதவர்கள் யார் இருக்கிறார்கள்? மறுநாள் காலை பால் சென்டரில் ஃபாரத்தைப் பிரித்தேன்.

கொண்டுபோய் விடுகிறவரின் பெயர், விலாசம். லைசென்ஸ் நகல். வண்டியின் ஆர்.சி. இன்ஷூரன்ஸ். பிள்ளைக்கு ஹெல்மெட். போலீஸ் வெரிஃபிகேஷன். கடைசியில், ஸ்கூல் நாட்களில் நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவேன், வழியில் வேறு யாரிடமும் ஒப்படைக்க மாட்டேன் என்று ஓர் உறுதிமொழி, கீழே சந்தகம்.

வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் கேனைத் தூக்கிக்கொண்டார்கள்.

"வண்டி என் பேர்ல இல்ல பெரிம்மா. மச்சான் பேர்ல கீது. அவனுக்கும் எனக்கும் ஒரு வருசமா பேச்சில்ல."

"இன்சூரன்ஸா? அது வண்டி வாங்கறப்போ கட்டனது..."

"போலீசு வூட்டாண்ட வந்தா எங்க நைனா என்னை வூட்ல சேக்கமாட்டாரு."

"இஸ்துகினு போறதுக்கு இன்னா பெரிம்மா. தினம்கூட போறேன். சந்தகம் மட்டும் போட சொல்லாதீங்க."

யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தர் சொன்னதும் உண்மை. பிள்ளை விழுந்து அடிபட்டால், காகிதத்தில் பெயர் இருக்கிறவன்தான் பதில் சொல்ல வேண்டும். பெயர் இல்லாதவன் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

பால் அளந்துகொண்டிருந்த ஜெயராமன் தலை நிமிராமல் கேட்டார். "உங்ககிட்ட எல்லாம் கரெக்டா இருக்குமே பெரிம்மா. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல முப்பது வருசம் இருந்தவங்க. நீங்களே போடலாமே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செல்வியும்.

"பார்க்கலாம்," என்றேன்.

தமிழில் இதைவிட மரியாதையான 'முடியாது' கிடையாது. கேட்டவர்களுக்குப் புரிந்தது. செல்விக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள், முனிரத்தினத்தின் ஆட்டோ வருகிறதா என்று.

எனக்கு என்ன பயம்? வண்டி என் பெயரில்தான். இன்ஷூரன்ஸ் பக்கா. பயம் வேறு. வாரத்துக்கு மூன்று நாள், தோன்றினால் நாலு, முட்டி வலித்தால் இரண்டு... இப்படித்தான் என் ரிட்டயர்மெண்ட் ஓடுகிறது. இனி வாரத்தில் ஆறு நாளும் எட்டேகாலுக்கு நான் தெருவில் நிற்க வேண்டும். தோன்றும்போது செய்தால் அது உதவி. எட்டேகாலுக்குச் செய்தால் அது வேலை. உதவி செய்கிறவளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வேலைக்கு ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

இரண்டு நாள் அந்த ஃபாரத்தை டி.வி. மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வந்தபோது குமுதாவும் செல்வியும் ஸ்டாப்பில் நின்றார்கள். எங்கள் ஊருக்குக் காலையில் இரண்டே பஸ். ஆறேகால் ஒன்று, விட்டால் ஒன்பதரை. ஆறேகால் பஸ்ஸில் போனால் ஏழு மணிக்குப் பூட்டிய கேட் முன்னால் உட்கார வேண்டும். பதினோரு வயதுப் பெண்ணைத் தனியாக உட்கார வைக்க முடியாது. அதனால் குமுதாவும் கூடப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, கேட் திறந்ததும் வேறு பஸ் பிடித்து வருகிறாள். ஃபேக்டரி வேன் அவள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"வேலை?"

"பத்து நாளு பாக்கறேன்னுக்கிறாரு சூப்பர்வைசரு. அதுக்கப்புறம் வேற ஆளு," என்றாள். என்மேல் துளி வருத்தம்கூட அவள் குரலில் இல்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள்.

எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது. வேறு யார்மேல் வர முடியும்? தண்ணீர் வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய் ஃபாரத்தை எடுத்தேன். பெயர், விலாசம், வண்டி நம்பர். கையெழுத்தும் போட்டாகிவிட்டது. நகல் எடுக்க லைசென்ஸை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தால்...

காலாவதி. ஐந்து மாதம் ஆகிவிட்டது.

முப்பது வருஷம் அடுத்தவர்களின் பாலிசி எப்போது முடிகிறது என்று நினைவுபடுத்திச் சம்பளம் வாங்கியவள் நான். செத்துப்போன லைசென்ஸோடு ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், செல்வி உட்பட. மச்சான் பெயரில் இருக்கிற வண்டியை ஓட்டுகிற அந்த ஆளைப் பார்த்து அன்றைக்கு மனதுக்குள் சிரித்திருந்தேன். அவரிடம் லைசென்ஸாவது உயிரோடு இருந்தது. எழுதி வைக்கச் சொன்னதன் அர்த்தம் எனக்கு அங்கேதான் உறைத்தது.

சித்தூர் போன கதை இதுதான். டாக்டர் சர்டிஃபிகேட், கண் பரிசோதனை, ஃபோட்டோ, 'ரேப்பு ரண்டி' – நாளைக்கு வாங்க – இரண்டு தடவை. மூன்றாவது தடவை லைசென்ஸ் கிடைத்தது. அதற்குள் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்து, காபி குடித்துவிட்டு, என் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். தெருவே எட்டிப் பார்த்தது. "இன்னா பெரிம்மா, எழுதறதுல ஏதானா பிரச்சினையா?" என்று இரண்டு பேர் ரகசியமாகக் கேட்டார்கள். கொஞ்சம் ஆவலாகத்தான் கேட்டார்கள்.

சூப்பர்வைசர் கொடுத்த கெடுவில் ஒன்பதாம் நாள் திருப்பதியில் இருந்து ஆர்டர் வந்தது. பத்தாம் நாள் குமுதா ஃபேக்டரி வேனில் ஏறினாள். அவள் இடம் அப்படியே இருந்தது. மாசக் கடைசி ரிவியூவில், போக்குவரத்துக்கு ஆள் ஏற்பாடாகிவிட்டது, விட்டுப்போன நாட்களுக்கு அதுதான் காரணம் என்று அந்த மேடம் எழுதி வைத்தார். செல்வி குமுதா வீட்டிலேயே இருக்கிறாள். மடித்து வைத்த துணி மறுபடி கொடிக்கு வந்துவிட்டதாம்.

இதைப் பத்தியில் எழுதலாமா என்று அந்த மேடத்திடம் முன்கூட்டியே கேட்டேன். இந்த முறை கேட்டேன். பிள்ளை பெயர், ஊர் பெயர், ஸ்கூல் பெயர், முகம் எதுவும் இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

முதல் நாள் காலை எட்டேகால். பால் சென்டர் வாசலில் வண்டியை நிறுத்திப் புது ஹெல்மெட்டை நீட்டினேன். செல்வி ஏறவில்லை. பையைத் திறந்து நாலாய் மடித்த ஜெராக்ஸ் ஒன்றை எடுத்தாள். ஆர்டரின் நகல், குமுதா கொடுத்திருக்கிறாள். விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். நாலாவதில் விரல் நின்றது. பிறகு வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், குனிந்து நம்பரையும் பார்த்தாள். பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறவள் மாதிரி நின்றேன்.

"கீது பெரிம்மா," என்றாள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஏறினாள்.

இத்தனை வருஷமாக என் பெயர் பேப்பரில் வருகிறது – அதை விரல் வைத்துப் படித்தவள் இவள் ஒருத்திதான்.